வெள்ளைக் கத்தி பற்றிக் கேட்டாய்

வாங்கலாமா என்று கேட்டாய், பத்மராஜ்.
போன மாதமாயிருந்தால்
ஒரு சொல்லில் பதில் எழுதியிருப்பேன்.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில்
ஒரு வீதி, இரண்டு தண்டவாளம்.
வெள்ளவத்தையில் நாலாம் மாடி,
காற்று இலவசம் என்றார் தரகர்.
அந்தக் காற்று இதுவரை தின்றவை:
சன்னல் கொளுக்கி, கேஸ் அடுப்பின் கால்,
பல்கனியில் வசுமதியின் சைக்கிள்,
கழுவித் துடைத்து வைத்தாலும்
விடியும்போது முகமெல்லாம் செம்புள்ளியோடு கிடக்கும்
பழைய இரும்புக் கத்தி.

இதை மட்டும் அது தொடவில்லை.
புறக்கோட்டைப் பீங்கான் கடையில்
கோப்பைகளுக்கு நடுவில் உறையோடு கிடந்தது.
விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன்,
அவ்வளவுதான் பாரம்.
சிக்குன்குன்யா வந்து போனதிலிருந்து
வசுமதியின் மணிக்கட்டு
தேத்தண்ணிக் கோப்பைக்கே முனகும்.
இதைக் கையில் எடுத்தவள்
ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு கிலோ வெங்காயத்தை அரிந்து முடித்தாள்.

தக்காளியைப் பற்றியும் சொல்லவேண்டும்.
தோலுக்குத் தெரியாமல் உள்ளே போய்விடும்.
உள்ளி அரிந்த கையோடு அன்னாசி அரிந்தேன்,
அன்னாசி அன்னாசியாகவே இருந்தது.
ஒரு நாள் பெருவிரலையும் அரிந்தேன்.
நோகவில்லை.
கறிமிளகாய் சிவந்ததைப் பார்த்துத்தான்
எனக்கே தெரியவந்தது.

அது முறைப்பாடு இல்லை.
முறைப்பாடு இனித்தான்.

புது மாப்பிள்ளை மாதிரி அது.
எலும்பு ஆகாது.
குளிர்ப்பெட்டியில் உறைந்த அறக்குளா ஆகாது.
மாசித்துண்டை நினைக்கவும் கூடாது.
பூசணிக்குள் செருகித் திருகினால் போச்சு.
கண்ணாடித் தட்டில் வைத்து வெட்டினால் போச்சு.
அரிந்ததை அலகாலேயே வழித்துச்
சட்டிக்குள் தள்ளுவது என் இருபது வருஷப் பழக்கம்,
அதையும் விடச் சொன்னது.

ஏழாம் மாதம் விளிம்பில் ஒரு சின்னப் பல் விழுந்தது.
கீழே கொண்டுபோனேன்.
ஆட்டோவின் பின்னால் சாணைக்கல் பூட்டிக்கொண்டு வருகிற நிஸ்தார்
நகத்தால் ஒரு தட்டுத் தட்டிக்
காதில் வைத்துக் கேட்டான்.
"அண்ணே, இது கோப்பை.
கோப்பைக்கு நான் சாணை பிடிக்கிறதில்லை."

பிறகு அந்தப் போயா தினம்.
வசுமதியின் அலுவலகத்தார் ஏழு பேர்
மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள்.
காலி ரயில் கட்டடத்தை உலுக்கிக்கொண்டு போனபோது
கத்தி விழுந்தது.
ரயிலின்மேல் பழியைப் போடலாம்.
முழங்கைதான்.

நுனியைக் காணவில்லை.
ஒரு சோற்றுப் பருக்கையளவு.
நிறம் வெள்ளை.
நிலத்து ஓடும் வெள்ளை.
மேசையில் துருவி வைத்த மூன்று தேங்காய்,
பக்கத்தில் ஆவி பறக்க
ஒரு சட்டி சோறு.

யோசித்துப் பார், பத்மராஜ்.
இரும்பென்றால் ஒரு காந்தமாவது தேடலாம்.
கைத்தொலைபேசி வெளிச்சத்தில்
தேங்காய்ப்பூவைக் கிளறினோம்,
சோற்றைக் கிளறினோம்,
முன்பு காலி வீதியில்
எங்கள் பைகளைக் கிளறியவர்களைப்போல,
மேலிருந்து அடிவரை,
பேசாமல்.

பன்னிரண்டரைக்கு எல்லாவற்றையும்
குப்பைப் பையில் கட்டினோம்.
ஏழு பேரும் கடை மரக்கறிக் கொத்தைச் சாப்பிட்டுவிட்டு
வசுமதியின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

அந்தத் துண்டு இன்னும் கிடைக்கவில்லை.
குசினிக்குள் செருப்போடுதான் நடக்கிறோம்.

ஆகவே, வேண்டாம் என்று எழுதத்தான்
காகிதத்தை எடுத்தேன்.
உள்ளே அரியும் சத்தம்.
புதியது வாங்கவில்லை, நுனி போன அதே கத்தி.
இரும்பை என் பக்கம் தள்ளிவிட்டாள்:
பூசணி, மீன், எலும்பு எனக்கு.
துருவைத் தேய்க்கிற வேலையும் எனக்கு.
எழுந்துபோய் வாசலில் நின்று
மணிக்கட்டு எப்படி என்று கேட்டேன்.

"எந்த மணிக்கட்டு?" என்றாள்,
வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல்.